கையில் துரும்பு எடுத்த ஊமைத்துரை

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்கு வராது. லைப்ரரியில் படித்த ஒரு வீரரின் கதையைச் சொல்கிறேன்.

கட்டபொம்மனை நம் எல்லோருக்கும் தெரியும், சினிமாவே வந்துவிட்டது. அவருடைய தம்பி குமாரசாமிக்குப் பேச்சு சரியாக வராது. அதனால் ஊமைத்துரை என்ற பேரே நிலைத்துவிட்டது. 1799 அக்டோபரில் அண்ணனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட வெள்ளையர்கள், தம்பியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பித்தார். இடித்துப் போட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரே வாரத்துக்குள் மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை, வெறும் மண்! சிவில் படிக்கிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம். அந்த மண்கோட்டையைப் பிடிக்க வெள்ளையனுக்கு மே 24 வரை ஆனது.

பேசவே முடியாதவர் எப்படிப் படை நடத்தினார்? எதிரியாக நின்ற வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இடது உள்ளங்கையில் நாலைந்து துரும்பை வைப்பாராம், அதுதான் வெள்ளையர் படை. வலது கையால் அதை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு, வாயால் விஸ்ஸென்று ஒலி எழுப்புவாராம். அவ்வளவுதான், படை கிளம்பிவிடும்.

இதைப் படித்ததும் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. என் அண்ணனும் பேசமாட்டார். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டுகிறார், என் பீஸ் அந்தக் காசுதான். எங்க தெருவில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும்தான். ஊமைத்துரையை அவர் ஆட்கள் சாமி என்றுதான் சொன்னார்களாம்.

கோட்டை விழுந்தபோது காயம்பட்டுக் கிடந்தவரை, பிணம் போலத் துணி போர்த்தி, அம்மை கண்டு செத்தவன் என்று சொல்லி, பெண்கள் காப்பாற்றினார்கள் என்கிறார் வெல்ஷ். அப்புறம் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். நம்ம கல்வராயன் மலைக்காடு மாதிரி இல்லை, காளையார்கோவில் தரைக்காடு, முள்ளுக்காடு. சிறுவயலில் இருந்து அதற்குள் ரோடு வெட்ட வெள்ளையர்கள் ஆகஸ்ட் முழுக்கப் பாடுபட்டார்கள். புதருக்குள் இருந்து அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ரோட்டையே கைவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வேறு வழிகளில் சுற்றி வளைத்து அக்டோபர் 1-ல் பிடித்தார்கள். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை திண்டுக்கல் பக்கம் போய்ப் போராடிப் பிடிபட்டார். 1801 நவம்பர் 16, பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கு.

போன லீவில் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சைகையில் சொன்னேன். துரும்பைத் தட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டார். தானும் சோகைத் துண்டு நாலை உள்ளங்கையில் வைத்துத் தட்டினார். அப்புறம் என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். காட்டுக்குள்ளே போய்ட்டார் என்று காட்டினேன். தூக்கை மட்டும் சொல்லவில்லை.