ஏரிநாட்டில் நடந்த கவிஞர்

வில்லியம் வேர்ட்ஸ்வர்த் என்னும் ஆங்கிலக் கவிஞரின் பெயரைக் கேளாத மாணவர் நம் கலாசாலையில் இரார். அவருடைய செய்யுட்களைப் பரீட்சையின்பொருட்டு மனனஞ் செய்தோரும், பின்னாளில் தம் மாணாக்கர்க்குப் பாடஞ் சொன்னோரும் நம்முள் பலர். ஆயினும், அச்செய்யுட்களுள் மிகப் பல எழுதுமேசையின்மேற் பிறந்தவையல்ல, மலைவழியில் நடக்குங்கால் பிறந்தவை என்பதைச் சிந்திப்போர் சிலரே. அவருடைய கால்கள் சென்ற வழியே சென்று அவர் சரித்திரத்தைக் காண முயல்வோம்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் நீர்நிலைகளும் நெருங்கிய சிறு நிலப்பகுதி ஒன்று உண்டு. அதனை ஏரிநாடு என்பர். அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் இங்கேதான் உளது. அதன் உயரமும் 978 மீட்டரே. உலகத்துப் பெருமலைகளோடு ஒப்பிடின் இவை குன்றுகளே. எனினும், ஒரு நாட்பொழுதில் மனிதன் தன் காலால் ஏறி இறங்கக்கூடிய அளவினவாய் இருத்தலே இவற்றின் தனிச்சிறப்பு.

இந்நாட்டின் எல்லையிலுள்ள காக்கர்மௌத் என்னும் ஊரில், டர்வெண்ட் ஆற்றின் கரையில், 1770-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் வேர்ட்ஸ்வர்த் பிறந்தார். தந்தையார் லௌதர் என்னும் பெருநிலக்கிழாரின் சட்டக் காரியஸ்தர். வில்லியத்துக்கு எட்டு வயது நிரம்புமுன்னர் அன்னையார் இறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையாரும் இறந்தார். தந்தையாருக்குச் சேரவேண்டிய பெருந்தொகையை லௌதர் பிரபு தம் வாழ்நாள் முடியுமட்டும் கொடாது காலங்கடத்தினார். அவர் 1802-இல் இறந்தபின்னரே, அவருக்குப் பின் வந்தவர் அக்கடனைத் தீர்த்தார். இங்ஙனம் அன்பும் பொருளும் ஒருங்கே இழந்த சிறுவனுக்கு மலைகளே துணையாயின.

1779-இல் அவர் ஹாக்ஸ்ஹெட் என்னும் சிற்றூரின் பள்ளியிற் சேர்ந்தார். கம்பளி வாணிகத்தால் வளர்ந்த சந்தையூர் அது. அருகே எஸ்த்வெயிட் என்னும் ஏரி. ஆன் டைசன் என்னும் மூதாட்டியார் இல்லத்தில் அவர் தங்கியிருந்தார். அம்மையார் பிள்ளைகளை அன்போடு பேணினாரேயன்றி அவர்கள் உலாவுதலைத் தடுத்தாரில்லை. பள்ளிக்குச் செல்லுமுன் விடியற்காலையில் அவ்வேரியைச் சுற்றி ஐந்து மைல் நடந்துவருதல் வில்லியத்தின் வழக்கம். ஒருமுறை அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பிறர் படகொன்றை இரவில் அவிழ்த்துச் செலுத்துகையில், அண்மைக் குன்றின் பின்னிருந்து கரியதொரு சிகரம் எழுந்து தம்மைத் தொடர்வதுபோல் அவருக்குத் தோன்றிற்று. நடுநடுங்கிப் படகை இருந்த இடத்திலேயே கட்டிவிட்டுத் திரும்பினார். மலைக்கு உயிருண்டு, அறமும் உண்டு என்னும் உணர்ச்சி அன்று அவர் உள்ளத்திற் புகுந்து, இறுதிவரை நீங்காதிருந்தது.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் கல்வி பயின்றார். 1790-இல், தேர்வுக்குப் படிக்கவேண்டிய விடுமுறையில், ராபர்ட் ஜோன்ஸ் என்னும் தோழரோடு பிரான்சு தேசத்தைக் கடந்து ஆல்ப்ஸ் மலைகள்வரை கால்நடையாகச் சென்றார். சில ஆண்டுகள் அங்குமிங்கும் அலைந்தபின், 1799-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் தங்கை டாரதியோடு கிராஸ்மியர் பள்ளத்தாக்கை அடைந்து, முன்னர்ச் சத்திரமாயிருந்த ஒரு சிறு வீட்டில் குடியேறினார். அதுவே இன்று டவ் காட்டேஜ் என வழங்கப்பெறுவது.

டாரதியம்மையார் தமையனுக்கு இளைத்தவரல்லர். மழையென்றும் பனியென்றும் பாராது இருவரும் நாள்தோறும் நடந்தனர். ஏறத்தாழப் பதின்மூன்று மைல் தொலைவிலுள்ள கெசிக் என்னும் ஊரில் வாழ்ந்த நண்பர் கோல்ரிட்ஜ் மலைகளைக் கடந்து இவர்களைக் காண வருவார்; இவர்களும் அங்கே செல்வர். 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள், அல்ஸ்வாட்டர் கரையில் கடுங்காற்றில் நடந்துவருகையில், நீரோரமெங்கும் அசைந்தாடிய டாஃபடில் மலர்களை அண்ணனும் தங்கையும் கண்டனர். அம்மையார் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கவிஞரின் புகழ்பெற்ற பாடல் அதன்பின்னரே எழுந்து, 1807-இல் அச்சேறிற்று. பாடலில் அவர் தனியே சென்றதாகக் கூறினும், அன்று அவர் தனித்திருந்தாரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் கவி புனைந்த முறையும் விந்தையானது. நடந்துகொண்டே அடிகளை வாய்விட்டு முணுமுணுத்து அமைப்பார். வீடு திரும்பியபின் மனைவியாரோ தங்கையாரோ அவற்றை எழுதிக்கொள்வர். ரைடலில் அவர் இல்லத்திற்கு வந்த ஒருவருக்குப் பணிப்பெண் நூல்களிருந்த அறையைக் காட்டி, ஐயா படிக்கும் அறை வெளியிலுள்ளது என்று கூறினாளெனச் சொல்வர். அவர் வாழ்நாளில் 1,75,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என நண்பர் டி குவின்சி கணக்கிட்டார்.

துன்பமும் அவரை விடவில்லை. 1805-இல் தம்பி ஜான் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். 1812-இல் கேதரின், தாமஸ் என்னும் இரு குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டனர். அவர்களைப் புதைத்த இடம் வீட்டிற்கு எதிரே தெரிந்தமையால், மறுவருஷம் குடும்பத்தோடு ரைடலுக்குப் பெயர்ந்தார். ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இடையே மலைச்சரிவில் ஒரு பழம்பாதை உண்டு. முற்காலத்தில் இறந்தோரைக் கிராஸ்மியர் கோயிலுக்குச் சுமந்துசென்ற வழி அது. அவ்வழியில் அவர் பன்முறை நடந்தார்.

1810-இல் ஏரிநாட்டுக்கு வழிகாட்டும் உரைநூலொன்றை முதலில் பெயரின்றி எழுதினார். பலமுறை திருத்தம் பெற்று 1835-இல் அது ஐந்தாம் பதிப்பாக வெளிவந்தது. பள்ளத்தாக்குகள் ஒரு நடுவிடத்தினின்று சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பிரிந்து செல்வதை அந்நூல் விளக்குகிறது. டாரதியம்மையார் 1818-இல் ஸ்காஃபெல் பைக் ஏறிய வரலாறும், அவர் பெயர் கூறப்படாமல், பின்னர் அதில் இடம்பெற்றது. காண்பதற்குக் கண்ணும் மகிழ்வதற்கு நெஞ்சும் உடைய ஒவ்வொருவருக்கும் உரிய தேசியச் சொத்தாக இந்நாட்டைக் கருதவேண்டும் என்பது அந்நூலின் மிகச் சிறந்த கருத்து.

இத்தகையவர் 1844-இல் செய்த செயலொன்று நம்மைத் திகைக்கச் செய்கின்றது. கெண்டலிலிருந்து விண்டர்மியர் ஏரிவரை இருப்புப்பாதை அமைக்கச் சிலர் முற்பட்டபோது, அரசவைக் கவிஞராய்விட்ட அவர் அதனை வன்மையாக எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். மலையின் அழகை நுகரும் ஆற்றல் மெல்ல மெல்லப் பயின்று வருவது. ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக ஒருநாள் கொண்டுவந்து இறக்குவதால் அவர்க்குப் பயனில்லை, நாட்டின் அமைதியே கெடும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் உண்மையும் உண்டு, குறையும் உண்டு. விரைந்து பார்ப்பவன் மலையைக் காணான் என்பது உண்மை. ஆனால், அப்பயிற்சி அவருக்கு எங்ஙனம் வாய்த்தது? மலையடியிற் பிறந்தமையாலும், விடியலில் ஏரியைச் சுற்றிவர ஓய்விருந்தமையாலும் அன்றோ? புகைசூழ்ந்த ஆலைநகரில் பிறந்தவன் ஒருநாளேனும் வந்து பாராமல் அப்பயிற்சியை எங்ஙனம் தொடங்குவான்? மேலும், பிறரை இம்மலைகளுக்கு வாருங்கள் என்று அழைத்ததில் கவிஞரின் நூலுக்கே பெரும்பங்குண்டு. விருந்துக்கு அழைத்தவரே வாயிற்கதவை அடைத்தல் தகுமோ?

இருப்புப்பாதை 1847-இல் விண்டர்மியர்வரை வந்து, அவ்விடத்தோடு நின்றது. ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இன்றளவும் வண்டி செல்லவில்லை. அவ்வாண்டிலேயே அருமை மகள் டோராவைக் கவிஞர் இழந்தார். 1840-இல், எழுபதாம் வயதிலும், ஹெல்வெலின் சிகரம் ஏறிய அவருடைய கால்கள் இதன்பின் தளர்ந்தன. 1850-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள் அவர் உயிர் நீத்து, கிராஸ்மியர் கோயில் முற்றத்தில் தம் மக்களுக்கருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

எனினும் அவர் விதைத்த சொல் அவரைக் கடந்து வளர்ந்தது. 1895-இல் இயற்கையிடங்களையும் பழஞ்சின்னங்களையும் பொதுமக்களுக்கெனக் காக்கும் தேசிய அறநிலையத்தை நிறுவிய மூவருள் ரான்ஸ்லி என்னும் குருவானவர் ஏரிநாட்டில் ஊழியஞ் செய்தவர். 1951-இல் ஏரிநாடு தேசியப் பூங்காவாயிற்று. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பெற்றது. அனைவர்க்கும் உரியதென்று நூலில் எழுதிய வேர்ட்ஸ்வர்த், ஆலைத் தொழிலாளரைத் தடுக்க முயன்ற வேர்ட்ஸ்வர்த்தை இவ்வாறு வென்றார்.

பெரியோரின் சரித்திரத்தைப் படிக்குங்கால் அவர்தம் சிறந்த சொல்லைக் கொண்டே அவர்தம் பிற்காலச் செயலையும் அளத்தல் நேர்மையாகும். இன்று ஆலைநகரத்து இளைஞனொருவன் விண்டர்மியரில் வண்டியினின்று இறங்கி, மெல்ல நடந்து, ரைடல் பாதையில் நின்று ஏரியை நோக்குவானாயின், கவிஞர் விரும்பியதும் அஞ்சியதும் அவனொருவனிடத்தே கூடுகின்றன. அவன் நின்று நோக்குமட்டும் கவிஞரின் அச்சம் பொய்யாகும். விருப்பமே மெய்யாகும் என்பது நம் துணிபு.