ரைட் சகோதரர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்த சார்லி டெய்லர்

முதல் விமானத்தைப் பறக்கவிட்டவர்கள் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட ரைட் சகோதரர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் யார் என்று கேட்டால், விமானப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களைத் தவிர அதிகம் பேருக்குப் பதில் தெரியாது. அவர் பெயர் சார்ல்ஸ் டெய்லர். சார்லி என்று அழைப்பார்கள். சகோதரர்களின் சைக்கிள் கடையில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர்.

1868 மே 24ஆம் நாள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது நெப்ராஸ்காவில். 12 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஒரு நாளிதழ் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு இயந்திரப் பட்டறை வேலைதான் வாழ்க்கை. 1894இல் ஹென்ரியெட்டா என்ற பெண்ணை மணந்து, சில ஆண்டுகளில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் குடியேறினார். மனைவியின் உறவினர்தான் ரைட் சகோதரர்களுக்குக் கடைக் கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பழக்கத்தில் 1901 ஜூன் மாதம் டெய்லர் கடையில் சேர்ந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் மணிக்கு 25 சென்ட்தான். இங்கே வாரம் 18 டாலர் கிடைத்தது.

வில்பரும் ஓர்வில்லும் அப்போது கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போய்க் கிளைடர் பறக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் கடையை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. டெய்லர் சைக்கிள் பழுது பார்த்தார், கல்லாவையும் பார்த்துக்கொண்டார்.

1902 முடிவில் கிளைடர் அவர்கள் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. இனி எஞ்சின் வேண்டும். குறைந்தது 8 குதிரைத்திறன், எடை சுமார் 90 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. மோட்டார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். யாரும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. கடைசியில் நாமே செய்வோம் என்று முடிவானது. செய்யும் பொறுப்பு டெய்லருக்கு. அதுவரை அவர் எஞ்சினில் கை வைத்தது ஒரே ஒரு முறை, யாரோ ஒருவரின் காரைப் பழுது பார்க்க முயன்றபோது.

முறையான வரைபடம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் பற்றி மூவரும் பேசுவார்கள். துண்டுத் தாளில் கிறுக்கி, வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு டெய்லர் வேலையைத் தொடங்குவார். பட்டறையில் இருந்த முக்கியமான கருவிகள் ஒரு லேத்தும் ஒரு துளையிடும் இயந்திரமும்தான்.

கிராங்க்‌ஷாஃப்டை அவர் செய்த விதம் லேத் பிடித்தவர்களுக்கு நன்றாகப் புரியும். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான கனம் கொண்ட ஓர் எஃகுப் பலகையை எடுத்தார். அதன் மேல் கிராங்க்‌ஷாஃப்டின் வடிவத்தைக் கோடு போட்டார். கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே வந்தார். பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு தேவையில்லாத எஃகைத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். மிஞ்சியதை லேத்தில் ஏற்றி அளவுக்குக் கடைந்தார். முடிந்தபோது அதன் எடை சுமார் எட்டரை கிலோ. ஏற்றத்தாழ்வு இல்லாமல் சுழன்றது. இன்று வார்ப்பிலோ அச்சிலோ அடித்து எடுக்கும் பாகத்தை ஒரு மனிதர் பலகையிலிருந்து கையால் வெட்டி எடுத்திருக்கிறார்.

உடல் பகுதியை மட்டும் டேட்டனில் இருந்த ஒரு வார்ப்படச் சாலையில் அலுமினியத்தில் ஊற்றி வாங்கினார்கள். இரும்புக்குப் பதில் அலுமினியம் போட்டதால்தான் எடை அடங்கியது. நான்கு சிலிண்டர்கள். கார்புரேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கி, சூடான அறையில் ஆவியாகிக் காற்றோடு கலந்து உள்ளே போகும். எக்ஸாஸ்ட் குழாயும் இல்லை, சைலன்சரும் இல்லை. வால்வு திறந்ததும் எரிந்த வாயு நேராக வெளியே வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கடைக்குள் வைத்துக்கொண்டு சோதனை செய்திருக்கிறார்கள்.

ஆறு வாரத்தில் எஞ்சின் தயாரானது. 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்த மறுநாளே சொட்டிய பெட்ரோல் பேரிங்குகளில் பட்டு அவை இறுகிக்கொள்ள, அலுமினிய உடல் உடைந்தது. மறுபடி வார்த்து வாங்கி, மறுபடி பூட்டினார். இந்த முறை 12 குதிரைத்திறன் கொடுத்தது, கேட்டதைவிட ஒன்றரை மடங்கு. எடையும் சொன்ன அளவுக்குள் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் கிட்டி ஹாக்கில் விமானம் எழும்பியது. முதல் தடவை 12 விநாடி, 120 அடி. நான்காவது தடவை 59 விநாடி, 852 அடி. டெய்லர் அதைப் பார்க்கவில்லை. அவர் டேட்டனில் கடையில் இருந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் புரொப்பல்லர் தண்டுகள் பழுதாகித் திரும்பி வந்தபோது அவற்றைச் சரிசெய்து அனுப்பியதும் அவர்தான். நான்காவது பயணத்துக்குப் பிறகு பலத்த காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டது. எஞ்சினும் உடைந்தது. அவர் வெட்டி எடுத்த கிராங்க்‌ஷாஃப்டை 1906இல் நியூயார்க் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தார்கள். திரும்பி வரவேயில்லை.

அடுத்த ஆண்டுகளில் விமானங்களைப் பராமரித்தது அவர்தான். 1908இல் ஃபோர்ட் மையரில் விமானம் விழுந்து லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தபோது, படுகாயமடைந்த ஓர்வில்லை வெளியே எடுக்க ஓடியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கும் விமானம் ஓட்ட ஆசை இருந்தது. சகோதரர்கள் கற்றுக்கொடுக்கவில்லை. நல்ல மெக்கானிக்கை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் அந்த ஆசை அவருக்கு ஆசையாகவே நின்றுவிட்டது.

1911இல் கால் ரோட்ஜர்ஸ் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பறக்கக் கிளம்பினார். நாளுக்கு 10 டாலர் தருவதாகச் சொல்லி டெய்லரை அழைத்துக்கொண்டார். வழியெல்லாம் விமானம் விழுவதும் உடைவதுமாக இருந்தது. பின்னாலேயே ரயிலில் உதிரிப் பாகங்களோடு போய் டெய்லரும் மற்ற மெக்கானிக்குகளும் பூட்டிப் பூட்டி அனுப்பினார்கள். 49 நாளில் பசடேனா போய்ச் சேர்ந்தது.

பிற்காலம் அவருக்கு நன்றாக அமையவில்லை. 1928இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். சொந்தப் பட்டறை பொருளாதார மந்தத்தில் நின்றுபோனது. நிலத்தில் போட்ட பணமும் போனது. மனைவியும் இறந்தார். அறுபது வயதைத் தாண்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுக்கு முன் வாங்கியதைவிட ஏழு சென்ட்தான் கூடுதல். தாம் யார் என்று அங்கே அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஹென்றி ஃபோர்டு ரைட் சகோதரர்களின் வீட்டையும் சைக்கிள் கடையையும் வாங்கி, டியர்போர்னில் இருந்த தம் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். பழைய கடையை அப்படியே அமைக்க டெய்லரைத் தேடிப் பிடித்தார்கள். எந்தக் கருவி எங்கே இருந்தது என்று சொல்ல அவரைவிட்டால் ஓர்வில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். வேலை முடிந்தபின், 1941இல் மீண்டும் கலிபோர்னியா, மீண்டும் தொழிற்சாலை. 1945இல் மாரடைப்பு வந்தது. அதோடு வேலை நின்றது.

ஓர்வில் தம் உயிலில் டெய்லருக்கு ஆண்டுக்கு 800 டாலர் எழுதி வைத்திருந்தார். மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் விலைவாசி ஏறிய காலத்தில் அது போதவில்லை. 1955இல் ஒரு செய்தியாளர் அவரைக் கண்டபோது, அவர் அரசு மருத்துவமனையின் ஏழைகள் பிரிவில் படுத்திருந்தார். செய்தி வெளியானதும் விமானத் தொழில்துறையினர் பணம் திரட்டித் தனியார் மருத்துவ இல்லத்துக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30ஆம் நாள், 87 வயதில் அங்கே இறந்தார். ஓர்வில் இறந்ததும் எட்டு ஆண்டுக்கு முன் அதே ஜனவரி 30தான்.

கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில், விமானத் துறையினருக்கான நினைவிடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஐம்பது ஆண்டு மெக்கானிக்காக உழைத்தவர்களுக்கு அமெரிக்க விமானத் துறை வழங்கும் விருது அவர் பெயரில் இருக்கிறது. அவர் பிறந்த மே 24, அங்கே விமானப் பராமரிப்புத் தொழிலாளர் தினம்.