பொதுச்சொல் நாடிய கண் வைத்தியர்

லுட்விக் ஸமென்ஹோவ் 1859 ஆம் ஆண்டு மார்கழி 15 ஆந் திகதி, அன்று ருஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த பியாலிஸ்ரொக் நகரிலே, யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். யூதர், போலந்தர், ருஷ்யர், ஜெர்மானியர் ஆகியோர் தத்தம் மொழி பேசி ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த ஊர் அது. யாவர்க்கும் பொதுவாயதொரு மொழி வேண்டுமென்னும் வேட்கை இளமையிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியது.

இலக்கணத்தை எளிதாக வகுத்துவிடலாம். பருத்த அகராதியை மனனஞ் செய்பவர் யார்? பள்ளி மாணவராய் வார்சோவில் வாழ்ந்த காலத்திலே இவ்வையம் அவரை வாட்டியது. வாயிற்காவலன் அறையின் பலகையிலும் மிட்டாய்க் கடைப் பலகையிலும் ஒரே ருஷ்ய விகுதி நிற்பதை ஒருநாள் கண்டார். ஒரு வேரிலிருந்து ஒட்டுகளாற் பல சொற்களை ஆக்கலாமென்பது புலனாயிற்று. வேர்களையோ, ஐரோப்பிய மொழிகள் முன்னரே பகிர்ந்துகொண்ட சொற்களிலிருந்து பெற்றார்.

அவர் மருத்துவங் கற்க மொஸ்கோ சென்றிருந்தபோது தந்தையார் ஏடுகளை எரித்துவிட்டார் என்பர். மீண்டும் எழுதினார். 1887 இல், மாமனாரின் பொருளுதவியுடன், 16 விதிகளும் ஏறக்குறைய 900 வேர்களுங் கொண்ட சிறுநூல் வெளிவந்தது. நம்பிக்கை கொண்டோன் எனப் பொருள்படும் எஸ்பராந்தோ என்பது அவர் புனைபெயர். பின்னர் அதுவே மொழியின் பெயராயிற்று.

அதற்குச் சில ஆண்டுகள் முன் தோன்றிய வொலபுக் என்னும் ஆக்கமொழியும் ஐரோப்பியச் சொற்களையே கொண்டது. ஆனால் அவற்றை உருத்தெரியாமற் சிதைத்துவிட்டது. ஸமென்ஹோவ் முகத்தை மறைக்கவில்லை. தந்தை 'பாத்ரோ', நாய் 'ஹுண்டோ', பறவை 'பிர்டோ'. முறையே இலத்தீனும் ஜெர்மனும் ஆங்கிலமும் அறிந்தோர்க்கு இவை பழகிய முகங்கள். சிங்களம் படிக்கப் புகும் நம்மவர் 'கடே', 'அக்கா' என்பவற்றைக் கேட்டதும் அடையும் ஆறுதலை ஒத்தது அது.

தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அவ்வாறுதல் இல்லை. ஐரோப்பாவின் பொதுச்சொல்லை உலகின் பொதுச்சொல்லாகக் கொண்டமை அப்பெரியாரின் குறையென்றே நான் கருதுகிறேன். எனினும் ஒட்டுகள் நமக்குங் கைகொடுக்கின்றன: 'போனா' நல்லது, 'மல்' என்பதை முன்னே சேர்த்தால் தீயது. எதிர்ச்சொற்களைத் தனித்துப் படிக்குஞ் சுமை பெரிதுங் குறைகிறது.

வார்சோவின் ஏழைகளுக்குக் கண் வைத்தியஞ் செய்தே வாழ்ந்த அவர் 1917 இற் காலமானார். மைந்தர் அடம் 1940 இல் நாஜிகளாற் சுடப்பட்டார். புதல்வியர் ஸோபியாவும் லிடியாவும் 1942 இல் திரெப்ளிங்கா முகாமில் மாண்டனர். லிடியா, மாணாக்கரின் தாய்மொழியைக் கையாளாமலே எஸ்பராந்தோவைக் கற்பித்து நாடுகள் பல சுற்றிவந்த ஆசிரியை.