எண்ணெய் வார்த்த எஞ்சினியர்

புதிதாகக் கார் வாங்கியவருக்குக் கைதேர்ந்த மெக்கானிக் சொல்லும் முதல் புத்திமதி என்ன? முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வண்டியை விரட்டாதீர்கள். எண்ணெய் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம் என்பதுதான். இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் புதுச் சிலிண்டரின் உட்சுவரை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்த மேடுகளைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, சுவரோடு இசைந்து படிய வேண்டும். அவ்வாறு பழகும் காலத்தில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நின்று காப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் சூடு ஏறும். சுவரில் கீறல் விழும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு எஞ்சினே நின்றுவிடவும் கூடும்.

அந்த எண்ணெய்ப் படலத்தைக் காப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே, நீராவி எஞ்சினில் அவர் அந்தப் பணியைத் தொடங்கிவிட்டார். அவர் பெயர் எலைஜா மெக்காய்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பினத் தம்பதியர் ஜார்ஜ் மெக்காயும் மில்ட்ரெடும். பிறந்த மண்ணில் மனிதராக வாழ வழியில்லை என்று கண்ட அவர்கள், தப்பியோடும் அடிமைகளுக்கு உதவிய நல்லோரின் துணையோடு எல்லை கடந்து கனடாவை அடைந்தனர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட அந்த நாட்டில் அடிமை முறை 1834-லேயே ஒழிக்கப்பட்டிருந்தது. அங்கே, ஒன்டாரியோவிலுள்ள கால்செஸ்டர் என்னும் ஊரில், 1844 வாக்கில் எலைஜா பிறந்தார். பின்னர் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பி மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் குடியேறியது.

சிறுவன் எலைஜாவுக்கு இயந்திரங்களின் மீது தணியாத ஆவல். ஓடி ஒளிந்து உயிர் தப்பிய அந்தப் பெற்றோர், மகனின் ஆவலை அறிந்து, பதினைந்தாம் வயதில் அவரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பி வைத்தனர். இயந்திரப் பொறியியலில் பயிற்சி பெற்று, எஞ்சினியராகவே அவர் திரும்பி வந்தார். அதற்குள் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தது.

சட்டம் மாறியது, மனம் மாறவில்லை. கறுப்பர் ஒருவரை எஞ்சினியராக ஏற்க யாரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரெயில்வேயில் அவருக்குக் கிடைத்தது ஃபயர்மேன் வேலைதான். எஞ்சினின் அடுப்பில் நிலக்கரி வாரிப் போட வேண்டும். வண்டி நிற்கும்போதெல்லாம் எண்ணெய்க் குவளையோடு இறங்கி, உராயும் பாகங்களுக்கு எண்ணெய் விட வேண்டும். எடின்பரோவில் கற்ற கல்விக்கு அந்நாளைய சமுதாயம் கொடுத்த மதிப்பு அவ்வளவே.

எஞ்சின் வரையும் மேசையில் உட்கார்ந்தவர்கள் காணாத ஒன்றை, எண்ணெய்க் குவளை ஏந்தியவர் நாள்தோறும் கண்டார். ஓட்டத்தின்போது எண்ணெய் தீர்ந்துகொண்டே வரும். எனவே வண்டியை அடிக்கடி நிறுத்தித்தான் ஆகவேண்டும். நிறுத்தாவிட்டால் உலோகம் தேயும். நிறுத்தினால் காலம் வீணாகும். எண்ணெய் குறைந்தாலும் கேடு, கணக்கின்றிக் கொட்டினாலும் வீண்செலவு. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே அளந்து எடுத்துக்கொள்ள வழி செய்தால் என்ன? மெக்காய் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்.

சிறிய பட்டறை ஒன்றில் உழைத்து அவர் கண்ட விடை மிக எளியது. எண்ணெய் நிரப்பிய ஒரு கிண்ணத்தை நீராவி எஞ்சினோடு பொருத்தினார். எஞ்சின் ஓடும்போது அதன் நீராவி அழுத்தமே ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளும். அதனோடு இணைந்த வால்வு திறக்கும். எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். எஞ்சினை ஓட்டும் சக்தியே அதற்கு எண்ணெயும் ஊட்டியது. 1872-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இக்கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றார். ரெயில் எஞ்சின்களிலும் கப்பல்களிலும் தொழிற்சாலைகளிலும் அவருடைய கருவிகள் இடம் பெற்றன.

ஆனால் கண்டுபிடிக்க அறிவு போதும். உற்பத்தி செய்யப் பணம் வேண்டுமே! அதற்காகத் தம் உரிமைகளைப் பிறருக்கு விற்க வேண்டிய நிலை அவருக்குப் பலமுறை ஏற்பட்டது. கருவிகள் ஊரெங்கும் ஓடின. அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் அவர் பெயர் இல்லை. அப்படியும் அவர் கை ஓயவில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ 57 காப்புரிமைகள் பெற்றார். பெரும்பாலானவை எண்ணெயிடும் கருவிகளைப் பற்றியவை. இடையே துணி தேய்க்கும் மேசையும் புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவியும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயில் எஞ்சின்களில் ஒரு மாறுதல் வந்தது. நீராவியை மேலும் சூடேற்றிப் பயன்படுத்தினால் நிலக்கரி மிச்சமாகும். ஆனால் அந்தக் கடுஞ்சூட்டில் பழைய முறையில் விட்ட எண்ணெய் கருகியது, படலம் நிலைக்கவில்லை. சூட்டைத் தாங்கும் கிராஃபைட் பொடியை எண்ணெயோடு கலந்தால் பயன் உண்டு. பென்சிலில் எழுதும் கருப்புப் பொருள்தான் அது. ஆனால் பொடி அடியில் தங்கிக் குழாயை அடைத்துவிடுமே! எழுபது வயதைக் கடந்த மெக்காய், பொடி கலந்த எண்ணெயும் அடைபடாமல் ஓடும்படி ஒரு கருவியை வகுத்து, 1915-ல் காப்புரிமை பெற்றார். 1920-ல் டெட்ராய்ட் நகரில் தம் பெயராலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். முதுமையில்தான் அவர் பெயர் கருவியின் மேல் ஏறியது.

எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. எஞ்சினின் சூட்டுக்கும் வேலைக்கும் தக்கதே நல்ல எண்ணெய் என்பது இதிலிருந்து விளங்கும். இன்றைய கார் எண்ணெய் டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்பது போன்ற எண்களைப் பார்க்கிறோம். முதல் எண், குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் காட்டும். சிறிய எண்ணானால் எளிதில் ஓடும். இரண்டாம் எண், சூடேறிய பிறகு அதற்குள்ள கெட்டித்தன்மையைக் காட்டும். கெட்டியான எண்ணெயே உயர்ந்தது என்று எண்ணிப் புது எஞ்சினில் ஊற்றுவது பேதைமை. நுண்ணிய இடைவெளிகளில் அது உடனே புகாது. எந்த எண்ணெய், எப்போது மாற்றுவது என்பதற்கு வண்டியோடு வரும் கையேடே பிரமாணம். பழகும் காலத்தில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவது நல்லது; முழு வேகமும் பெரும் பாரமும் ஆகா.

மெக்காயின் இறுதிக் காலம் துயரமானது. 1922-ல் ஒரு மோட்டார் விபத்தில் அவரும் மனைவி மேரியும் படுகாயமுற்றனர். மேரி அதிலிருந்து மீளவில்லை. தனிமையும் நோயும் வறுமையும் சூழ, எலாய்ஸ் என்ற மருத்துவ விடுதியில் 1929 அக்டோபர் 10-ஆம் நாள் மெக்காய் காலமானார். அசல் சரக்கை ஆங்கிலத்தில் ரியல் மெக்காய் என்று சொல்வது இவர் பெயரால் வந்த வழக்கு என்பார்கள். ஆனால் அதை ஒத்த சொல் ஸ்காட்லாந்தில் 1856-லேயே வழங்கியது. கடன் வாங்கிய புகழ் அவருக்குத் தேவையில்லை. 2001-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றம் அவரைத் தன் வரிசையில் சேர்த்தது. 2012-ல் டெட்ராய்ட்டில் திறந்த காப்புரிமை அலுவலகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பெயரில்லாமல் உழைத்தவரின் பெயர், காப்புரிமை வழங்கும் வாயிலிலேயே பொறிக்கப்பட்டது.

நண்பர்களே, பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் சிலருக்குப் படித்த படிப்பு ஒன்றாகவும் கிடைக்கும் வேலை வேறொன்றாகவும் இருக்கலாம். மெக்காய்க்கு நேர்ந்தது அநீதி. அவர் வென்றார் என்பதால் அந்த அநீதி நியாயமாகிவிடாது. அதை ஒழிக்க வேண்டியது சமுதாயத்தின் கடமை. ஆனால் இழிவென்று கருதிக் கொடுக்கப்பட்ட எண்ணெய்க் குவளையை அவர் வீசி எறியவில்லை. கற்ற கல்வியை மறக்கவுமில்லை. எஞ்சினின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் குவளை வழியாகவே கண்டுகொண்டார். புது எஞ்சின் இரைச்சலின்றி இசைந்து ஓடும் ஓசையைக் கேட்கும்போது, அந்த எண்ணெய்ப் படலத்தையும் அதற்காக உழைத்த மனிதரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.