வைத்தியர் ஜோசப் வாரன்

உடற்பிணி தீர்க்கும் தொழிலை மேற்கொண்ட ஒருவர், தம் நாட்டின் இடுக்கண் தீர்க்கவும் முற்பட்டு, அம்முயற்சியிலேயே உயிர் துறந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜோசப் வாரன் 1741-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாளில் மாசச்சூசெட்ஸ் மாகாணம் ஆங்கில அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. வாரன் பதினான்கு வயதினராயிருக்கையில், தந்தையார் பழத்தோட்டத்தில் ஏணியினின்று வீழ்ந்து மாண்டார். ஆயினும் கல்வியைக் கைவிடாது, 1759-இல் ஹார்வர்டு கல்லூரியில் தேறிப் பின்னர் வைத்தியம் பயின்றார். 1764-இல் பாஸ்டனில் வைசூரி பரவியபோது பலர்க்கு அம்மை குத்தி உதவினார். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் குவின்ஸி ஆடம்ஸ் சிறுவராயிருக்கையில் விரல் முறிந்து வருந்த, அவ்விரலை வெட்டாது காத்தவரும் இவரே.

மக்கள் இசைவின்றி விதிக்கப்பட்ட வரிகளை எதிர்த்தெழுந்த தலைவருள் இவரும் ஒருவரானார். 1773-இல் மனைவியார் நான்கு மக்களை விட்டு இறந்தார். அத்துயரிலும் பொதுப்பணியினின்று இவர் விலகினாரல்லர். 1774-இல் ஸபக் கோட்டத்தாரின் எதிர்ப்புத் தீர்மானங்களை வரைந்தார். 1775 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, ஆங்கிலப் படை புறப்படுவதை அறிவிக்கப் பால் ரிவியர், வில்லியம் டாஸ் என்னும் இருவரை அனுப்பினார். மாகாணப் பேரவையின் தலைமையும் இவரிடம் வந்தது.

அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் இவரைப் படைத்தலைவராகத் தேர்ந்தனர். மூன்றாம் நாள் பங்கர் குன்றுப் போர் மூண்டது. அங்கிருந்த தலைவர்கள் தம் தலைமையை இவர்க்கு அளிக்க முன்வந்தும், போரிற் பழகியவர் அவர்களே என்றெண்ணி இவர் அதனை ஏற்றிலர். துப்பாக்கி ஏந்தி வீரருள் ஒருவராய் நின்றார். ஆங்கிலர் மூன்றாம் முறை தாக்கியபோது, குண்டு தலையிற் பாய்ந்து உயிர் நீத்தார். அப்பொழுது அகவை முப்பத்துநான்கே. அடுத்த ஆண்டு, சிதைந்த உடலை அதிலிருந்த பொய்ப்பல்லைக் கொண்டு ரிவியர் அடையாளங் கண்டார். அப்பல்லைப் பொருத்தியவர் அவரே.

தாயற்ற நான்கு மக்களின் தந்தை, பேரவைத் தலைவர், கைதேர்ந்த வைத்தியர் இவ்வாறு முன்னணியில் நின்று மடிந்தது தகுமோ எனின், அவ்வினா எளிதன்று. அம்மக்கள் தந்தையையும் இழந்தனர் என்பதை நாம் மறத்தற்கில்லை. எனினும், பிறரை இடர்க்கு அனுப்பிய ஒருவர் தாம் மட்டும் அவ்விடரினின்று ஒதுங்கி நிற்க மனமிசைந்திலர். சொல்லும் செயலும் ஒன்றாதல் எத்துணை விலை கொள்வது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது.