மண்ணைப் படித்த மாமேதை

கூலூம் என்றதும் நமக்கெல்லாம் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் அவர் விதியை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார்? நானும் செய்தவன்தான். ஆனால் அவர் மின்சாரத்துக்கு முன்பே மண்ணைப் படித்தவர் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு மணற்பெட்டி.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு போட்டி நடந்தது. மரப்பெட்டியின் ஒரு பக்கத்தில் அட்டைச் சுவர். அதன் பின்னே மணல். சுவரில் ஒட்டிய காகிதப் பட்டைகள் மணலுக்குள் படுக்கையாக நீண்டிருக்கும். முன்பலகையை எடுத்தபின் சுவர் நிற்க வேண்டும். காகிதம் குறைவாகச் செலவிட்டவர்க்கே வெற்றி. நானும் என் நண்பனும் பட்டைகளைக் குட்டையாக வெட்டினோம். பலகையை எடுத்தோம், சுவர் சாய்ந்தது, மணல் முழுவதும் எங்கள் காலடியில். ஆனால் பட்டைகளில் ஒன்றுகூடக் கிழியவில்லை! எல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தன. கூலூமைப் படித்துவிட்டு வரும்படி ஆசிரியர் சொன்னார். படித்தேன்.

சார்ல்ஸ் அகுஸ்தின் தெ கூலூம் 1736இல் பிரான்சு நாட்டின் அங்குலேம் நகரில் பிறந்தார். மெசியேர் இராணுவப் பொறியியற் பள்ளியில் பயின்று 1761இல் வெளிவந்தார். 1764இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய மார்த்தினிக்கில் கோட்டை கட்ட அனுப்பப்பட்டார். எட்டாண்டுக் காலம் அங்கே போர்பன் கோட்டையைக் கட்டினார். நோய் பன்முறை அவரைப் படுக்கையில் தள்ளியது; உடல்நலம் பின்னர் முழுமையாகத் திரும்பவேயில்லை.

ஆனால் அந்த எட்டாண்டுகள் வீண்போகவில்லை. மதிலுக்குப் பின்னே குவிந்த மண் அதை எவ்வளவு வலிமையோடு தள்ளும்? இதை அறியாமல் கட்டினால் ஒன்று மதில் சரியும், அல்லது பொருள் விரயமாகும். கூலூம் தம் பயனுக்காகக் கணக்கிட்டு வைத்தார். ஊர் திரும்பியபின் 1773இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அதைப் படித்தார். மதிலின் பின்னே மண் ஓர் ஆப்பு வடிவில் பிரிந்து சறுக்க முயல்கிறது. அதைத் தடுப்பவை இரண்டு: ஒன்று பிணைப்பு, மற்றொன்று உராய்வு. அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடும். பின்னர் ரோஷ்போர் கப்பல் தளத்தில் உராய்வை ஆராய்ந்து 1781இல் பரிசு பெற்றார். நாம் மனப்பாடம் செய்த மின்விதி வந்தது 1785இல்தான்! புரட்சிக் காலத்தில் நாட்டுப்புறத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். 1806இல் பாரிசில் மறைந்தார்.

இனி என் பட்டைகளுக்கு வருகிறேன். மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுப்பைத் தாங்கும் பொருளை அதனுள் அடுக்கடுக்காய்ப் பரப்புகிறார்கள். ஆன்றி விதால் என்னும் பிரெஞ்சுக்காரர் 1963இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கையாண்டவை உலோகப் பட்டைகள். பிறகு பிளாஸ்டிக்கால் ஆன ஜியோகிரிட் வலைகள் வந்தன. இன்று மேம்பாலம் ஏறும் சாலைகளின் பக்கச்சுவர்கள் பலவற்றின் பின்னே இத்தகைய அடுக்குகளே உள்ளன.

பளு ஏறும்போது மண் பக்கவாட்டில் விரிய முயலும். வலை அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பு இரு வகை. வலையின் பரப்பில் மண் உராய்வது ஒன்று. கண்களுக்குள் புகுந்த பரலும் மணலும் குறுக்குக் கம்பிகளை முட்டி நிற்பது மற்றொன்று. ஆனால் கூலூம் சொன்ன அந்த ஆப்பைத் தாண்டி, அசையாத மண்ணுக்குள் வலை போதிய தூரம் சென்றிருக்க வேண்டும். இல்லையேல் எவ்வளவு வலிய வலையும் உருவிக்கொண்டு வரும். மேலடுக்குகளுக்கு இந்த அபாயம் மிகுதி. அங்கே ஆப்பு அகலம். மேலிருந்து அழுத்தும் மண்ணோ குறைவு. ஆதலால் உராய்வும் குறைவு.

எங்கள் பட்டைகள் ஆப்புக்குள்ளேயே முடிந்துவிட்டன. காகிதம் குற்றமற்றது, குற்றம் எங்கள் கத்தரிக்கோலில்!

மறுவாரம் மேல்வரிசைப் பட்டைகளை நீளமாக வெட்டினோம். சுவர் நின்றது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஆயினும் நண்பர்களே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளி இளைஞர் கடல் கடந்த தீவில் போட்ட கணக்கு என் கண்ணெதிரே நின்றதே, அதுவே எனக்குப் பரிசு.