குயவர் பாலிஸ்ஸி

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பகுதியில் 1510-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பெர்னார் பாலிஸ்ஸி, கண்ணாடியில் சித்திரந் தீட்டுதலையும் நிலம் அளத்தலையும் தொழிலாகக் கொண்டு ஊரூராய்த் திரிந்து, பின்னர் ஸாந்த் என்னும் நகரில் குடியமர்ந்தார். கிரேக்கமும் லத்தீனும் அவர் கல்லாதவர். குயத் தொழிலும் அவர் பயின்றதன்று.

ஒரு நாள் மெருகிட்ட மண்கிண்ணம் ஒன்றைக் கண்டார். அன்றே அவர் வாழ்வு திசைமாறிற்று. வெள்ளீயம் கலந்த வெண்மெருகை இத்தாலியர் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும், தொழில் ரகசியம் பட்டறையின் வாயிலைக் கடவாத காலம் அது. கற்பிப்பாரின்மையால், தாமே பொருள்களை அரைத்து, ஓடுகளிற் பூசிச் சுட்டுப் பார்த்தார். இவ்வாறு ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழிந்தன. கைப்பொருள் தீர்ந்தபோது, அரசாங்கத்திற்காக உப்பளங்களை அளந்து கொடுத்துக் கூலி பெற்று, மீண்டும் சூளைக்குத் திரும்பினார். ஒருமுறை விறகு தீரவே, தோட்டத்து வேலிக்கழிகளையும், பின்னர் வீட்டு மேசைகளையும் தரைப்பலகைகளையும் நெருப்பிலிட்டார்.

இக்கதை பலரும் அறிந்ததே. இதனினும் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. மெருகு நன்கு உருகிய ஒரு சமயம், சூளையின் காரையிற் கிடந்த சிக்கிமுக்கிக் கற்கள் வெப்பத்தால் வெடித்துச் சிதறி, கலங்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டன. அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்க ஆளிருந்தும், கடன்காரர் காத்திருந்தும், குறையுள்ள கலம் தம் பெயருக்கு இழுக்கென்று அனைத்தையும் உடைத்தெறிந்தார்! அவர் மனைவியைக் கடுஞ்சொல்லினளாகக் காட்டும் சரிதக்காரரோடு நாம் சேரோம். குழந்தைகள் உணவு கேட்பது தாயிடமன்றோ?

முடிவில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது அக்கிண்ணத்தின் சாயலன்று. சதுப்பு நிலத்துப் பாம்பு, தவளை, பல்லி, மீன், சிப்பி, பெரணியிலை ஆகியவற்றின் மெய்யுடலிலிருந்தே அச்சு எடுத்து, பெருந்தட்டுகளில் உயிருள்ளனபோல் பொருத்தி, பச்சையும் நீலமும் பழுப்புமாக மெருகிட்டார். செதிலும் இலைநரம்பும் அவற்றில் தெளிவாய்த் தோன்றும். உப்பளங்களை அளந்த கண்ணே இக்கலைக்கும் ஆசான் என்பது நம் கருத்து.

1562-இல் மதப்போர் மூண்டபின், புராட்டஸ்டண்டாகிய அவர் சிறைப்பட்டார். கத்தோலிக்கராயினும் அவர் கலையைப் போற்றிய படைத்தலைவர் மோமொரான்ஸி அவரை விடுவித்தார். பின்பு அரசமாதா காதரின் தெ மெடிஸிக்காகப் பாரிஸில் துய்லரி அரண்மனையருகே பணிபுரிந்தார். அவருடைய சூளையும் அச்சுகளும் 1980-களில் லூவர் வளாகத்து அகழ்வில் வெளிப்பட்டன.

1575 முதல் பாரிஸில் கட்டணம் பெற்றுச் சொற்பொழிவாற்றினார். தம் கூற்றைப் பொய்ப்பிப்போர்க்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். கல்லிற் காணும் சிப்பிகள் முன்பு உயிரோடிருந்த பிராணிகளுடையவை, ஊற்றுக்கு மூலம் மழையே என்பன போன்ற அவர் கொள்கைகள் 1580-இல் பிரெஞ்சு மொழியிலேயே நூலாயின. லத்தீன் அறியாதவன் விஞ்ஞானம் பேசுவதா என்று முகஞ்சுளித்த பண்டிதர் இருந்திருப்பர். அத்தகையோர் எந்நாட்டில்தான் இல்லை!

1588-இல் மதத்தின் பொருட்டு மீண்டும் சிறை. அரசனே நேரில் வந்து மதம் மாற வேண்டினான் என வழங்கும் கதைக்குச் சாட்சியம் போதாது. எண்பதை நெருங்கிய அக்கிழவர், தம் கொள்கையைக் கைவிடாமல், 1590-ஆம் ஆண்டளவில் பாஸ்டீல் சிறையிலேயே உயிர் நீத்தார்.